அந்தப் பெண் எதிரணி அல்ல

2017-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் டாலஸ் நகரத்து அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் ஆட்டச் செய்திக்கு முன்னால் கோர்ட் செய்தியைப் பார்த்தார்கள். டெக்சாஸின் ஷெர்மன் நகரில் ஒரு நீதிபதி என்ன சொன்னார், நியூ ஆர்லியன்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன செய்யப்போகிறது, நியூயார்க்கில் வழக்கு எந்த நீதிபதியிடம் போயிருக்கிறது என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் மனப்பாடமாக இருந்தது. எல்லாம் ஒரே கேள்விக்காக. இசக்கியல் எலியட் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆடுவாரா, மாட்டாரா?

ரசிகன் கேட்கக் கூடாத கேள்வி அல்ல அது. ஆனால் அதற்குப் பதில் தேடி ஓடிய வேகத்தில் ஒரு கூட்டம் ஒரு பெண்ணை மிதித்துக்கொண்டு போயிற்று. இதை இன்றைக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய பருவம் தொடங்குகிறது. இன்னொரு வீரர் மீது புகார் வரும், தேசியக் கால்பந்து லீக் (என்.எஃப்.எல்.) தண்டனை கொடுக்கும், அவர் நீதிமன்றம் போவார். அன்று எப்படி நடந்துகொள்வது என்பதை இன்றே தீர்மானித்துக்கொள்ளுங்கள். செய்தி வந்த பிறகு யோசிக்க முடியாது. மனத்துக்கு முன்னால் கை ஃபோனை எடுத்துவிடும்.

எலியட் மீது டாலஸ் ஏன் அவ்வளவு பாசம் வைத்தது என்று அறியாமல் அந்தக் கோபத்தை அளக்க முடியாது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2016 டிராஃப்டில் நான்காவது ஆளாக டாலஸ் கௌபாய்ஸ் அணி அவரை எடுத்தது. முதல் பருவத்திலேயே 1,631 கெஜம் ஓடி, பந்தைச் சுமந்து ஓடியவர்களில் லீகிலேயே முதலிடம் பிடித்தார். அணி 13 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டும் தோற்றது. கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவது போல அவர் கையைக் காட்டினால் அரங்கம் முழுவதும் அதையே செய்யும். அந்த டிசம்பரில் ஓர் ஆட்டத்தில் டச் டவுன் அடித்த கையோடு, மைதான ஓரத்தில் சால்வேஷன் ஆர்மி வைத்திருந்த பிரம்மாண்டமான சிவப்பு உண்டியலுக்குள் குதித்து ஒளிந்துகொண்டார். சின்னப் பிள்ளையின் குறும்பு போல இருந்தது. நாடே பார்த்துச் சிரித்தது, அந்த அமைப்புக்கு நன்கொடையும் குவிந்தது. இருபத்தொரு வயதுப் பையன் ஒருவனை ஒரு நகரம் தத்தெடுத்துக்கொண்ட பருவம் அது.

அந்தப் பருவம் தொடங்குவதற்கு முன்பே, 2016 ஜூலையில், கொலம்பஸ் நகரில் ஒரு பெண் போலீஸிடம் போயிருந்தார். எலியட்டுடன் பழகியவர். ஒரே வாரத்துக்குள் பலமுறை தன்னைத் தாக்கினார் என்பது புகார். எலியட் மறுத்தார், இன்றுவரை மறுத்தே வருகிறார். நகர அரசு வழக்கறிஞர் அலுவலகம் அந்தச் செப்டம்பரில் வழக்குத் தொடரவில்லை என்று அறிவித்தது. எல்லா நிகழ்வுகளிலும் தகவல்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ரசிகர்கள் பலர் இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். வழக்கே இல்லை, ஆகவே ஒன்றுமே நடக்கவில்லை என்று முடித்துக்கொண்டார்கள். அதே அலுவலகத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் பிற்பாடு சொன்னது அவர்கள் காதில் ஏறவில்லை. அவர்கள் இருவருக்கும் இடையே வன்முறை நடந்த சந்தர்ப்பங்கள் பல இருந்ததாகவே தான் நம்பியதாகவும், ஆனால் மொத்தத்தையும் வைத்துப் பார்க்கும்போது என்னதான் நடந்தது என்று உறுதியாக முடிவுகட்ட இயலவில்லை என்றும் அவர் விளக்கினார். அந்தப் பேச்சில் இரண்டு பாதிகள் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் சுமக்க வேண்டும். பாதியை எடுத்துக்கொண்டு பாதியைக் கீழே போடும் உரிமை, எந்த அணியின் சட்டையைப் போட்டிருந்தாலும் நமக்கு இல்லை.

லீக் தனியாக ஓராண்டுக்கு மேல் விசாரித்தது. அந்தப் பெண்ணின் காயங்களைக் காட்டும் படங்கள், அவை எடுக்கப்பட்ட நேரம், மருத்துவ வல்லுநர்களின் கருத்து எல்லாவற்றையும் பார்த்தது. 2017 ஆகஸ்ட் 11 அன்று, மூன்று சந்தர்ப்பங்களில் எலியட் உடல் பலத்தைப் பயன்படுத்தினார் என்று நம்பத் தகுந்த சான்று இருப்பதாகச் சொல்லி ஆறு ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் வேறு. ஒரு நிறுவனம் தன்னிடம் வேலை செய்பவரின் நடத்தையைப் பார்த்து முடிவெடுக்கப் போதுமென்று கருதும் சான்று வேறு. முதல் தராசில் ஏறாதது இரண்டாவதில் ஏறலாம். இதில் சூழ்ச்சி ஒன்றுமில்லை. உலகெங்கும் அலுவலகங்களில் ஒழுங்கு நடவடிக்கை இப்படித்தான் நடக்கிறது.

ஆனால் லீகின் கையும் சுத்தமில்லை. இதை மறைத்துவிட்டு ரசிகர்களை மட்டும் கண்டித்தால் அது அறம் ஆகாது. லீகின் விசாரணை இயக்குநராக இருந்த கியா ராபர்ட்ஸ்தான் அந்தப் பெண்ணை நேரில் பேட்டி கண்டவர். புகாரில் நம்பகக் குறைவு இருக்கிறது என்பது அவர் கருத்து. தண்டனை பற்றி ஆணையர் ராஜர் குடெல் கலந்து பேசிய கூட்டத்தில் அவர் இல்லை. நேரில் கேட்டவரின் குரல், தீர்ப்பெழுதும் அறைக்குள் போகவேயில்லை. மேல்முறையீட்டு விசாரணையில் புகார் சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்யவும் எலியட் தரப்புக்கு வழி தரப்படவில்லை. அந்த மேல்முறையீட்டைக் கேட்ட ஹெரால்ட் ஹெண்டர்சன், ஆணையரே நியமித்த ஆள், லீகின் முன்னாள் உயரதிகாரி. வீரர் சங்கமும் லீகும் 2011-இல் போட்ட கூட்டு ஒப்பந்தத்தின் 46-ஆவது பிரிவு இதற்கெல்லாம் இடம் கொடுத்தது. தண்டிப்பவரும் ஆணையர், முறையீட்டைக் கேட்பவரும் அவர் அல்லது அவர் கைகாட்டும் ஒருவர்.

இதைப் பார்த்துக் கோபப்பட்டவர்களுக்கு நான் சொல்வேன்: உங்கள் கோபம் நியாயமானது. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள் என்று பாருங்கள். ஆணையரின் அதிகாரம் பற்றிய கோபம் ஆணையர் மீதும், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அணி உரிமையாளர்கள் மீதும், அதற்கு ஒப்புக்கொண்ட சங்கத்தின் மீதும் போயிருக்க வேண்டும். 2017 மே மாதம் ஆணையரின் ஒப்பந்தத்தை நீட்டிக்க 32 அணி உரிமையாளர்களும் ஒருமனதாக வாக்களித்தார்கள். டாலஸ் அணியின் ஜெர்ரி ஜோன்ஸும் அவர்களில் ஒருவர். ஆணையரின் அதிகாரம் அவருக்கு அன்று உறுத்தவில்லை. தன் வீரர் தண்டிக்கப்பட்ட பிறகு, அதே ஆண்டு நவம்பரில், அந்த நீட்டிப்பைத் தடுக்க வழக்குப் போடுவேன் என்று நின்றார். தண்டனைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார். ரசிகர்களில் எத்தனை பேர் அவரைப் பார்த்து, மே மாதம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார்கள்? பணமும் பதவியும் இருந்தவர்களை விட்டுவிட்டு, கொலம்பஸில் இருந்த ஓர் இளம்பெண்ணின் மீது அந்தக் கோபத்தை இறக்கினார்கள். பொய்க்காரி என்றார்கள், பணத்துக்காகச் செய்தாள் என்றார்கள், அவருடைய பழைய செய்திகளைத் தோண்டி எடுத்துப் பரப்பினார்கள். அந்தப் பெண்ணைப் பற்றிய இழிவான தகவல்களைச் சங்கம்தான் பரப்புகிறது என்று லீக் வெளிப்படையாகக் குற்றம் சாட்டியது, சங்கம் மறுத்தது. யார் தொடங்கியிருந்தாலும், கடைசியில் அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனது ரசிகர்கள்தான். அதற்கு ஆணையரும் பொறுப்பில்லை, சங்கமும் பொறுப்பில்லை. அனுப்பிய விரலுக்குச் சொந்தக்காரர்தான் பொறுப்பு.

இனி நீதிமன்றங்களுக்கு வருவோம். ரசிகர்கள் மிகவும் ஏமாந்தது அங்கேதான். செப்டம்பர் 8 அன்று ஷெர்மனில் நீதிபதி ஏமஸ் மஸான்ட் தண்டனைக்கு இடைக்காலத் தடை கொடுத்தார். லீக் நடத்திய மேல்முறையீட்டு விசாரணை அடிப்படையிலேயே நியாயமற்றது என்றார். டாலஸ் கொண்டாடியது. எலியட் நிரபராதி என்று கோர்ட்டே சொல்லிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. நீதிபதி அப்படிச் சொல்லவேயில்லை. அவர் பார்த்தது விசாரணை நடந்த விதத்தை மட்டும்.

அக்டோபர் 12 அன்று நியூ ஆர்லியன்ஸில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த இடைக்காலத் தடையை ரத்து செய்தது. உடனே எதிரணி ரசிகர்கள் துள்ளினார்கள், குற்றவாளி என்று நிரூபணமாயிற்று என்றார்கள். அதுவும் இல்லை. லீகின் நடுவரான ஹெண்டர்சன் முடிவு சொல்வதற்கு முன்பே சங்கம் அவசரப்பட்டு வழக்குப் போட்டுவிட்டது, ஆகவே அந்த வழக்கைக் கேட்கும் அதிகாரமே கீழ் நீதிமன்றத்துக்கு இல்லை என்பதுதான் தீர்ப்பு. தாலுகா ஆபீஸில் பட்டா கேட்டுப் போனவரிடம், முதலில் விஏஓ கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவதைப் போன்றது அது. நிலம் யாருடையது என்று அங்கே யாரும் பேசவில்லை.

பிறகு வழக்கு நியூயார்க் போயிற்று. அங்கே போகக் கூடாது என்றுதான் சங்கம் டெக்சாஸில் முந்திக்கொண்டு வழக்குப் போட்டிருந்தது. வேறொரு வீரரான டாம் பிரேடியின் வழக்கில் ஆணையரின் அதிகாரத்தை 2016-இல் தூக்கிப் பிடித்தது நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான். அக்டோபர் 17 அன்று நீதிபதி பால் கிராட்டி தண்டனைக்குத் தற்காலிகத் தடை கொடுத்தார். அடுத்த ஞாயிறு சான் ஃபிரான்சிஸ்கோ அணியை எதிர்த்து எலியட் 147 கெஜம் ஓடினார். அக்டோபர் 30 அன்று நீதிபதி கேத்ரின் போல்க் ஃபெய்லா அந்தத் தற்காலிகத் தடையை நீட்டிக்க மறுத்தார். நவம்பர் 3 அன்று மேல்முறையீட்டில் மறுபடியும் சில நாள் அவகாசம் கிடைத்தது. நவம்பர் 9 அன்று அதுவும் போயிற்று. நவம்பர் 15 அன்று எலியட் மேல்முறையீட்டைக் கைவிட்டார். ஆறு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். அணி அவற்றில் மூன்றில் வென்று மூன்றில் தோற்றது.

இத்தனை நீதிமன்றங்களில் ஒன்றுகூட, 2016 ஜூலையில் கொலம்பஸில் அந்த வாரத்தில் என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. அவர்கள் முன்னால் இருந்த கேள்வி அதுவல்ல. ஆனால் ஒவ்வொரு தீர்ப்பு வந்தபோதும் இரண்டு தரப்பு ரசிகர்களும் அதை ஸ்கோர் பலகையாகப் படித்தார்கள்.

நடைமுறையில் ஜெயிப்பதும் தவறு செய்யாமல் இருப்பதும் ஒன்றல்ல. இதற்கு அதே லீகில் அதற்கு முன்பே இரண்டு சாட்சிகள் இருந்தன. பால்டிமோர் அணியின் ரே ரைஸ் 2014 பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதியின் லிஃப்டுக்குள் தன் வருங்கால மனைவியை அடித்து விழவைத்தார். லீக் முதலில் இரண்டே ஆட்டங்கள் தடை விதித்தது. செப்டம்பரில் லிஃப்டுக்குள் பதிவான காட்சி வெளியாகி நாடே பார்த்த பிறகு காலவரையற்ற தடையாக மாற்றியது. ரைஸ் முறையிட்டார், வென்றார். ஒரே செயலுக்கு இரண்டு முறை தண்டிக்க முடியாது என்று நடுவராக இருந்த முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் தடையை நீக்கினார். ரைஸ் அடித்தாரா என்று யாருக்கும் சந்தேகம் இல்லை. காட்சி இருந்தது. ஆனாலும் வழக்கில் அவர் பக்கம்தான் நியாயம் நின்றது. மினசோட்டாவின் ஏட்ரியன் பீட்டர்சன் கதையும் அப்படித்தான். நான்கு வயது மகனைக் குச்சியால் காயம் வரும்படி அடித்த வழக்கில், குற்றச்சாட்டை எதிர்க்கப்போவதில்லை என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர். 2015 பிப்ரவரியில் நீதிபதி டேவிட் டோட்டி அவருடைய தண்டனை பற்றிய லீக் நடுவரின் முடிவை ரத்து செய்தார், புதிய விதியைப் பழைய செயலுக்குப் பொருத்தக் கூடாது என்ற காரணத்தால். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு தலைகீழாயிற்று. இரண்டு தீர்ப்பு வந்தும், அந்தக் குழந்தையின் காலில் இருந்த தழும்பு கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஆகவே, உங்கள் வீரர் தடையாணை வாங்கிவிட்டார் என்று செய்தி வந்தால் சந்தோஷப்படுங்கள், ஞாயிறன்று ஆடுவார் என்பதற்காகச் சந்தோஷப்படுங்கள். அதைத் தாண்டி ஒரு சொல் கூடச் சொல்லாதீர்கள். தடையாணையைப் புகார் சொன்னவரின் முகத்தில் விட்டெறியும் கல்லாக்காதீர்கள்.

உண்மையிலேயே பொய்ப் புகார் என்றால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பொய்ப் புகார்களும் உலகத்தில் உண்டு, அதில் சிக்கியவனின் வாழ்வு நாசமாவதும் உண்டு. இந்த வழக்கிலேயே, ஒரு நிகழ்வைப் பற்றிப் போலீஸிடம் பொய் சொல்லும்படி அந்தப் பெண் தன் தோழியைக் கேட்டதாகச் செய்தி இருந்தது. அது சிறிய விஷயம் அல்ல. எலியட்டைப் பெண்ணை அடித்தவன் என்று உறுதியாக எழுதுவதற்கு எனக்கும் உரிமை இல்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் ஒரு நிகழ்வில் பொய் கலந்தது என்பதால் எல்லா நிகழ்வும் பொய் என்று ஆகாது. அடிபட்டவர்கள் எல்லா நேரமும் நேர்த்தியான சாட்சிகளாக நடந்துகொள்வதில்லை. பயப்படுகிறார்கள், திரும்பிப் போகிறார்கள், கோபத்தில் தவறாகப் பேசுகிறார்கள், மறைக்கிறார்கள். கௌபாய்ஸ் ரசிகர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. 2015-இல் அவர்கள் அணியே கிரெக் ஹார்டியை எடுத்துக்கொண்டது. காதலியைத் தாக்கிய வழக்கில் அவரை முதலில் ஒரு நீதிபதி குற்றவாளி என்று தீர்த்தார். மேல்முறையீட்டில் அந்தப் பெண் சாட்சி சொல்ல வராததால் வழக்கு தள்ளுபடியாயிற்று. அவருக்கு லீக் விதித்த பத்து ஆட்டத் தடையை நான்காகக் குறைத்தவரும் இதே ஹெண்டர்சன்தான். அந்த நவம்பரில் அந்தப் பெண்ணின் உடம்பில் இருந்த காயங்களின் படங்கள் வெளிவந்தன. வழக்கு இல்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று அதுவரை சொல்லிவந்தவர்கள் அந்தப் படங்களைப் பார்த்தார்கள். இரண்டு வருடம்கூட முழுசாக ஓடவில்லை, அடுத்த வீரருக்கு அதே பேச்சைப் பேசினார்கள்.

மறுபக்கத்தில் இருந்தவர்களையும் விட மாட்டேன். ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், வாஷிங்டன் அணிகளின் ரசிகர்களில் பலர் அந்தப் பெண்ணுக்காகப் பேசுவது போல் பேசினார்கள். அவர் மீது இருந்த இரக்கமா அது? டாலஸ் அணியைக் குத்திக்காட்ட ஒரு காயம் கிடைத்ததே என்ற மகிழ்ச்சி. நம் பக்கத்து வீரர் மீது நாளை இதே புகார் வந்தால் வாயை மூடிக்கொள்வோம் என்றால், இன்று நாம் எழுப்பும் குரல் யாருக்கும் துணை அல்ல. ஒரு பெண்ணின் வலியை மைதானக் கூச்சலாக்குகிறவன், அவரைப் பொய்க்காரி என்று சொல்பவனுக்கு உறவுக்காரன்தான்.

ஃபேன்டசி கால்பந்து ஆடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கற்பனை அணியில் எலியட் இருந்தார், அவர் ஆடாவிட்டால் உங்கள் புள்ளி குறைந்தது, பந்தயப் பணம் போயிற்று. சரி. அதற்காக ஒரு மனிதரின் வாழ்க்கையில் நடந்திருக்கக்கூடிய மிக மோசமான வாரத்தை, உங்கள் வாராந்தரக் கணக்கில் வந்து விழுந்த இடைஞ்சலாக நினைக்காதீர்கள். அப்படி நினைக்கத் தொடங்கிய மனத்துக்கு அந்தப் பெண்ணும் கண்ணில் படமாட்டார், எலியட்டும் மனிதராகத் தெரியமாட்டார். இரண்டு பேரும் வெறும் எண்களாகிவிடுவார்கள்.

டாலஸைச் சுற்றி பிரிஸ்கோ, பிளானோ, இர்விங் ஊர்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கௌபாய்ஸ் அணியின் தலைமையகமே பிரிஸ்கோவில்தான் இருக்கிறது. 2016-இல் திறந்தது. அங்குள்ள உள்ளரங்க மைதானத்தில் ஊர்ப் பள்ளிகளின் அணிகளும் ஆடுகின்றன. நம் பிள்ளைகள் அந்த நீல நட்சத்திரத்தைப் பார்த்து வளர்கிறார்கள். அப்பாவும் மாமாவும் சித்தப்பாவும் ஞாயிற்றுக்கிழமை சோபாவில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார்கள், நடுவில் இந்த மாதிரிச் செய்தி வருகிறது. அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் வார்த்தைகளை, பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் மகள் கேட்கிறாள். இவளுகளுக்கு இதே வேலை என்று நீங்கள் சொன்னால், முகம் தெரியாத ஒருத்தியைப் பற்றித்தானே சொன்னோம் என்று நினைப்பீர்கள். நாளைக்குத் தனக்கு ஒன்று நேர்ந்தால் இந்த வீட்டில் வாய் திறக்கலாமா என்பதை அவள் அன்றைக்கே முடிவு செய்துவிடுகிறாள். மகனும் கேட்கிறான். நன்றாக ஓடத் தெரிந்தவனுக்கு ஊர் எதை மன்னிக்கும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். தயவுசெய்து அந்தச் சோபாவில் நாக்கை அடக்குங்கள். அடக்கினால் மட்டும் போதாது. எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, விசாரிக்கிறவர்கள் ஒழுங்காக விசாரிக்கட்டும், அதுவரை அந்தப் பெண்ணை யாரும் ஏசக் கூடாது, அந்தப் பையனையும் குற்றவாளி என்று சொல்லக் கூடாது என்று பிள்ளைகள் காது கேட்கச் சொல்லுங்கள்.

நடைமுறை மாற வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவர்களுக்கு வழி இருந்தது, இருக்கிறது. 2020-இல் லீகும் சங்கமும் புதிய ஒப்பந்தம் போட்டபோது அந்த மாற்றத்தில் ஒரு பாதி நடந்தது. நடத்தை விதி மீறல்களை முதலில் விசாரித்து முடிவு சொல்ல, இருதரப்பும் சேர்ந்து நியமிக்கும் ஓர் அதிகாரி வந்தார். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் புகார் சொல்லியிருந்த கிளீவ்லண்ட் அணியின் டெஷான் வாட்சன் விவகாரத்தை 2022-இல் முன்னாள் நீதிபதி சூ ராபின்சன் அந்த முறையில் விசாரித்து ஆறு ஆட்டத் தடை விதித்தார். ஆனால் மேல்முறையீடு இன்னும் ஆணையரின் கைக்குத்தான் போகிறது. லீக் முறையிட்டது, கடைசியில் சமரசமாகப் பதினொரு ஆட்டத் தடையும் ஐம்பது லட்சம் டாலர் அபராதமும் ஆயிற்று. மீதிப் பாதி மாற வேண்டுமென்றால் அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு முன்னால் கேளுங்கள். அணி உரிமையாளருக்கு எழுதுங்கள், சங்கத்துக்கு எழுதுங்கள். முறையீட்டைக் கேட்க வெளியாள் ஒருவர் வேண்டும் என்று கேளுங்கள். புகார் சொல்பவரைப் பாதுகாப்போடும் மரியாதையோடும் விசாரிக்கும் முறை வேண்டும் என்றும், நேரில் விசாரித்தவரின் அறிக்கை முடிவெடுப்பவரிடம் அப்படியே போய்ச் சேர வேண்டும் என்றும் கேளுங்கள். இவை வீரரையும் காப்பாற்றும், புகார் சொல்லும் பெண்ணையும் காப்பாற்றும். உங்கள் அணி வீரர் யாரும் மாட்டிக்கொள்ளாத மாதத்தில் இதைக் கேட்டால்தான் அதற்கு மதிப்பு.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2017-இல் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதப்பட்ட சொற்கள் இன்னும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. எலியட் அதற்குப் பிறகு பல பருவங்கள் ஆடினார், பெரிய ஒப்பந்தம் பெற்றார், அணி மாறினார், திரும்பி வந்தார். அந்தப் பெண் வேலைக்குப் போகும் இடத்திலும், புதிதாக ஒருவர் அவர் பெயரைத் தேடும்போதும், அந்தச் சொற்கள்தான் முதலில் வந்து நிற்கக்கூடும். அவர் பொய் சொன்னார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லியிருக்கலாம். அல்லது வேறொரு வீரருக்காக வேறொரு பெண்ணைச் சொல்லியிருக்கலாம். உங்கள் பழைய பதிவுகளைத் திறந்து பாருங்கள், நண்பர்கள் குழுவில் நீங்கள் பகிர்ந்த படங்களையும் பாருங்கள். இருந்தால் இன்று இரவு தூங்கப் போவதற்கு முன் அழித்துவிடுங்கள். அந்தக் குழுவில் இருப்பவர்களிடமும் ஏன் அழித்தீர்கள் என்று சொல்லி, அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.